ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்

என் கணவர் பூட்டுக்காரர். எங்கே எந்தப் பூட்டு மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் போன் வரும். எங்கள் இரண்டரை வயது மகள் எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். அதனால் வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அவளுக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சமையலறை அலமாரிக் கதவுகளுக்கெல்லாம் குழந்தைகள் திறக்க முடியாத கொக்கி மாட்டினார். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது யார்? அவர் மடியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரேதான்.

அன்று மாலை என் தம்பி சர்க்கரை எடுக்கப் போய்க் கதவோடு மல்லுக்கட்டினான்.

"அக்கா, இங்க டீ குடிக்கணும்னா மாமாகிட்ட பூட்டு வேலை கத்துக்கணும் போல!"

"உனக்கே திறக்கலன்னா அவளுக்கு எப்படிடா திறக்கும்?" அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவை இழுத்தேன். அமுக்கினேன், ஆட்டினேன், திட்டினேன். அசையவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து என்னை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலால் ஓர் அமுக்கு, ஓர் இழுப்பு. திறந்துகொண்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹாலில் இருந்த பூட்டுக்காரரைக் கூப்பிட்டு மானத்தை வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் உள்ளே இருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருக ஆரம்பித்தாள்.

"அம்மா, ஜூஸ்!"

அது ஜூஸ் இல்லை. பாத்ரூம் கழுவும் மருந்து. ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிச் சாய்க்கச் சோம்பல்பட்டு, காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தவள் நான்தான்.

பிடுங்கினேன். வீறிட்டாள். மூடி அசைந்திருக்கவில்லை. வாய், கை, சட்டை என்று மூன்று முறை பார்த்தேன். தரையிலேயே உட்கார்ந்து அவளை இறுக்கிக்கொண்டு அழுதேன்.

ஓடிவந்தவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். "தப்பு என்னோடது. மடியில வச்சுக்கிட்டே மாட்டினேன்ல, எல்லாத்தையும் கத்துக்கிட்டா."

"கொக்கியை விடுங்க. ஆபீஸ்ல எனக்குக் கீழ துப்புரவு வேலை செய்யற யாராவது ஜூஸ் பாட்டில்ல மருந்து வச்சிருந்தா நான் சும்மா விடுவேனா?"

"ஆடித் தீர்த்திருப்ப," என்றார்.

மருந்து கேனுக்கே திரும்பியது. கேன் மேல் அலமாரிக்குப் போனது. அதற்கு நிஜப் பூட்டு. அதை மாட்டி முடிக்கும் வரை என் தம்பி இன்ஸ்பெக்டரைப் பூங்காவில் வைத்திருந்தான்.

ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலைக்கு நான் மேற்பார்வையாளர். தினமும் காலையில் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் பாட்டிலில் மருந்தின் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை தொடங்கும். மறுநாள் அந்த ஜூஸ் பாட்டிலை மேஜையில் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

மாடி துடைக்கும் அக்கா கேட்டார். "பாப்பா நல்லா இருக்கா இல்ல, மேடம்?"

"நல்லா இருக்கா."

"அப்போ திட்டுங்க மேடம். எங்களைத் திட்டுற மாதிரியே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு வார்த்தை குறைக்காமல் என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை அந்த அக்கா தன் வீட்டில் மருந்து ஊற்றி வைத்திருந்த ஒரு பழைய சோடா பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். சனிக்கிழமைக்குள் ஏழு பாட்டில்கள் சேர்ந்துவிட்டன.