பேனாக்காவுக்கு ஒரு சிபாரிசு

அந்தத் துறையில் சிபாரிசுக் கடிதம் வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. மாணவர், துறைத் தலைவரின் அறைக்குப் போய்த் தலையைச் சொறிவார். தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேனாக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்பார். பேனாக்கா எழுதுவாள். தலைவர் அதைப் படிக்காமலே தன் பெயரில் அனுப்புவார். எல்லோருக்கும் காரியம் நல்லபடியாக முடியும், எழுதியவளைத் தவிர.

பேனாக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். அவள் ஒன்றும் எழுத்தர் இல்லை. ஆய்வு உதவியாளர், அதுவும் ஏழு வருடமாகத் தற்காலிகம். குடிநீர்க் குழாய்களின் உட்புறம் வழவழவென்று ஒரு படலம் படிகிறதே, அதற்குள் என்னென்ன கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன, எப்போது மூட்டை கட்டிக்கொண்டு தண்ணீரோடு நம் வீட்டுக்கு வருகின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. எங்கே தெருவைத் தோண்டினாலும் போய் நின்று, துருப்பிடித்த குழாய்த் துண்டுகளைக் கெஞ்சி வாங்கி வருவாள். அந்த ஆராய்ச்சியில் நான்கு கட்டுரைகள் வெளிவந்தன. நான்கிலும் முதல் பெயர் தலைவருடையது. அவள் பெயர் மூன்றாவதாக இருக்கும், இல்லையென்றால் நன்றி சொல்லும் பத்தியில் இருக்கும். இரண்டாவது பெயர் யாருடையது என்று சில சமயம் அவளுக்கே தெரியாது.

ஆனால் கடிதம் எழுதுவதில் கைராசிக்காரி. அவள் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பிரிட்டனில் ஒரே பல்கலைக்கழகத்துக்கு முழு உதவித்தொகையோடு முனைவர் பட்டம் படிக்கப் போய்விட்டார்கள். அதில் ஒருவன் குடுவையைக் கழுவவே மாட்டான். அவனைப் பற்றி, 'சோதனைகளில் இவர் காட்டும் பொறுமை அரிது' என்று எழுதியிருந்தாள். கழுவாத குடுவையை மூன்று வாரம் அப்படியே வைத்திருப்பதும் பொறுமைதானே?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊட்டி ஊட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். இந்த வருடம் அதே பல்கலைக்கழகத்துக்கு அவளே விண்ணப்பித்தாள். படிப்புச் செலவு, தங்குவது, சாப்பிடுவது, விமான டிக்கெட் எல்லாமே அவர்கள் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை: முதுகலை முடித்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு இது பத்தாவது வருடம். இதை விட்டால் அந்தக் கதவு அவளுக்கு இனிமேல் திறக்காது.

"அங்க போயி குழாய் கழுவுறதுக்கு மூணு வருஷமா?" என்று அம்மா கேட்டாள்.

"கழுவுறது இல்லம்மா. ஆராய்ச்சி."

"என்னமோ. கேக்குறவங்ககிட்ட நான் குழாய்னுதானே சொல்லணும்?" என்றாள் அம்மா. அப்படிச் சொன்னவள்தான் மறுநாள் கடைவீதிக்குப் போய், குளிருக்கு இருக்கட்டும் என்று கம்பளிக் காலுறை நான்கு ஜோடி வாங்கி வந்தாள்.

விண்ணப்பம் பல பக்கங்களுக்கு நீண்டது. உங்கள் தலைமைப் பண்பை ஐந்நூறு சொற்களில் விளக்குக என்று ஓரிடத்தில் கேட்டிருந்தார்கள். தலைவர் இல்லாத நாட்களில் துறையை நடத்துகிறேன் என்று எழுதினாள். அப்புறம், அவர் இருக்கிற நாட்களில் யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அதை அழித்துவிட்டாள்.

கடைசியாகக் கடிதம். ஊருக்கெல்லாம் அரை மணி நேரத்தில் எழுதுகிறவளுக்குத் தன்னைப் பற்றி எழுத நான்கு நாள் பிடித்தது. ஒவ்வொரு வரிக்கும் கூச்சம் வந்து கையைப் பிடித்தது. ஆனாலும் எழுதினாள். குழாய்ப் படலத்தைச் சிதைக்காமல் பிரித்தெடுக்க அவள் கண்டுபிடித்த முறை, அதை மற்ற ஆய்வகங்கள் எடுத்தாண்டது, எல்லாவற்றையும் பொய் கலக்காமல் எழுதித் தலைவரிடம் கொண்டுபோனாள்.

அங்கேதான் வந்தது வினை. தலைவர் அந்தத் தாளைத் தொடவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"உனக்குக்கூட நான் கைப்பட எழுதலைன்னா நான் என்ன மனுஷன்?" என்றார்.

"பரவால்ல சார். இதுல எல்லாம் இருக்கு, ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா..."

"இத எதுக்குப் பாக்கணும்? ஏழு வருஷமா உன்னப் பாக்குறேன். உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

இதற்குமேல் ஒருத்தி என்ன சொல்ல முடியும்? பெரியவர் ஆசையாகச் சொல்கிறார். "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு, தான் எழுதிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தலைவர் மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். இடையில் ஒருமுறை குரல் வந்தது. "ஏம்மா, இன்டிஸ்பென்சபிளுக்கு ஸ்பெல்லிங் என்ன?"

இன்றியமையாதவள் என்கிறாரே என்று அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே அளந்து கொடுக்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஆய்வகத்துக் கணினித் திரையில் மூன்று முகங்கள். குழாய்களைப் பற்றிக் கேட்டார்கள். அவள் பேசினாள். கைகளை ஆட்டி, பக்கத்திலிருந்த துண்டு ஒன்றை எடுத்துக் காட்டி, கூச்சத்தையெல்லாம் மறந்து பேசினாள். மூவரும் குறிப்பெடுத்தார்கள். நடுவிலிருந்த நரைத்த தலைப் பெண்மணி சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு அவரே மெதுவாகக் கேட்டார்.

உங்கள் தலைவரின் கடிதங்களை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். முன்பு அனுப்பிய இருவரைப் பற்றியும், அவர்கள் செய்த ஒவ்வொரு சோதனையைப் பற்றியும் அவ்வளவு நுட்பமாக எழுதியிருந்தார். உங்களைப் பற்றி எழுதும்போது நேரம் தவறாதவர், கோப்புகளை ஒழுங்காக வைப்பவர், குடுவைகளில் ஒட்டும் சீட்டுகளில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்கிறார். நீங்கள் போய்விட்டால் துறையே நின்றுவிடும் என்று வருந்துகிறார். உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்?

அந்த இரண்டு கடிதங்களையும் எழுதியது நான்தான் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அங்கே படித்துக்கொண்டிருக்கும் இருவர் கதி என்ன? அடுத்தவர் பெயரில் கடிதம் எழுதியவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அவளுடைய கடிதங்களே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

"அவருக்கு நேரம் இருந்திருக்காது" என்றாள். தலைவர் தன் வாழ்நாளில் அதிக நேரம் எடுத்து எழுதிய கடிதம் அது.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. இவ்வாண்டு வந்த விண்ணப்பங்கள் மிகவும் தரமானவை என்று வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள். பேனாக்கா ஆய்வகத்துக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஆசை தீர அழுதாள். பத்து வருடம் தண்ணீரோடு போனது போலிருந்தது.

தலைவர் நேரில் வந்தார். அவரும் உண்மையிலேயே இடிந்துபோயிருந்தார்.

"அவங்களுக்கு ஆள எடைபோடத் தெரியலம்மா. நான் எவ்வளவு மனசுவிட்டு எழுதியிருந்தேன் தெரியுமா? விடு. நீ இல்லாம இங்க எனக்கு ஒண்ணும் ஓடாது" என்றார். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் இறுதியாண்டு மாணவி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணும் அங்கதான் மாஸ்டர்ஸுக்கு அப்ளிகேஷன் போடுறா. வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். வழக்கம்போல ஒரு லெட்டர்..."

பேனாக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களே எழுதுங்க சார்."

"நானா?"

"ஆமா சார். எனக்கு எழுதுன மாதிரியே மனசுவிட்டு எழுதுங்க."

தலைவரின் முகம் மலர்ந்தது. "நல்லா வந்திருந்துச்சுல்ல?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டபடி தன் அறைக்கு நடந்தார்.

அவர் பேனாக்காவுக்கு எழுதிய கடிதம் என்ன செய்தது என்று துறை முழுவதற்கும் தெரியும். மாணவியின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா..." என்றாள். பேனாக்கா குழாய்த் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.