கிரீம் பன்

அப்பாவின் கால் கட்டைவிரல்களில் தளர்ந்திருந்த கட்டை இறுக்கிவிட்டுக் கார்குழலி நிமிர்ந்தபோது, தவசிமுத்து அண்ணாச்சியின் மளிகைக்கடை ஆட்டோ பந்தலோரம் வந்து நின்றது. பின்னால் தட்டுத் தட்டாகக் கிரீம் பன்.

சித்தப்பா எழுந்து போய் மறித்தார். "அண்ணாச்சி, சாவு வூட்ல இன்னாத்துக்கு இது? டீயும் வர்க்கியும் போதாதா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

அண்ணாச்சி தட்டும் கையுமாக நின்றுவிட்டார். கார்குழலி அம்மாவைப் பார்த்தாள். குப்பம்மா விடிந்ததிலிருந்து தலைமாட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, தண்ணீர்கூடத் தொடவில்லை. கார்குழலிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்பா ஜெயவேல், லைட்ஹவுஸ் பிரெட் கம்பெனியில் வண்டி ஓட்டியவர். ராயபுரத்தில் ஒற்றை அடுப்போடு இருந்த கம்பெனி, திருவொற்றியூரில் ஆலை கட்டி, துண்டு போட்ட பிரெட்டை மெழுகுத்தாளில் சுற்றி விற்கத் தொடங்கிய வருஷம் சேர்ந்தார். அப்புறம் பால் பிரெட், பழ பிரெட், ரஸ்க், கோதுமை பிரெட், கிரீம் பன் என்று எது புதிதாக வந்தாலும், கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை கடை கடையாக ஏறி இறங்கினார். நேற்றுச் சாயங்காலம்கூட ரஸ்க்கை டீயில் நனைத்துத் தின்றவர்தான். தூக்கத்திலேயே போய்விட்டார்.

அண்ணாச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குப்பம்மாவிடம் வந்தார்.

"மொதல்ல அவரு பிரெட் எடுத்துட்டு வந்தப்ப நான் வாங்க மாட்டேன்னுட்டேன் தங்கச்சி. காய்ச்சக்காரன் திங்கிறத நம்ம கடையில எவன் வாங்குவான்னு கேட்டேன். அவரு எங்கிட்டயே முட்டைய வாங்கி, எதுத்த டீக்கடையில பிரெட் ஆம்லெட் போட வச்சு, கடலுக்குப் போயிட்டு வந்தவங்களுக்குப் பிச்சுப் பிச்சுக் குடுத்தாரு. மத்தியானத்துக்குள்ள வண்டி காலி."

குப்பம்மா வாய் திறந்தாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் பிரெட்டுதான் எடுத்துகினு வந்தாரு."

பந்தலில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பூவு இல்ல, பழம் இல்ல. எங்கம்மா பயந்துடுச்சி. மாப்ளைக்கு இன்னா சீக்கு கீதோன்னு தெரு முழுக்க விசாரிச்சிகினு இருந்துச்சி."

முதலில் யாரோ ஒரு பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சித்தப்பாவே சிரித்துவிட்டார். குப்பம்மாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாக வந்தது. கார்குழலி தேற்றவில்லை. அம்மாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை பக்கத்தில் இருந்தாள்.

"குடு அண்ணாச்சி, எல்லாருக்கும் குடு," என்றாள் குப்பம்மா முகத்தைத் துடைத்தபடி. "மோளக்காரங்களுக்கு மொதல்ல குடு. காத்தாலேந்து அடிச்சிகினு கீறாங்க."

சித்தப்பாவே ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். கார்குழலி ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். குப்பம்மா மறுக்கவில்லை. ஓரத்தைக் கடித்தாள்.

தெருமுனையில் மேளக்காரர்களில் மூத்தவர் தின்று முடித்து, கட்டைவிரலில் ஒட்டியிருந்த கிரீமை நக்கிவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். மேளத்தைத் தோளில் மாட்டியவர் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். குப்பம்மா இன்னும் மென்றுகொண்டிருந்தாள். அவர் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார்.