முட்டி வலி லேகியம்

கோதண்டபாணிக்கு முட்டி வலி கிடையாது. தி. நகரில் வீடு வீடாகப் போய் ஏசி கழற்றி மாட்டுகிறவன். ஏணியில் அவன் ஏறுவதைப் பார்த்தால் குரங்கே கொஞ்சம் யோசிக்கும். இருந்தாலும் சாந்தோமில் அவன் வீட்டு அலமாரியில் முட்டி வலி லேகியம் என்று ஒரு டப்பா இருந்தது. அவன் மனைவி பாஞ்சாலி அதை அப்படித்தான் நம்பியிருந்தாள்.

விஷயம் வேறு. கொஞ்ச காலமாக அவன் உடம்பு அவன் சொல்பேச்சு கேட்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து படுத்தாலே பயம் வந்தது. டாக்டரிடம் போக வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் பாண்டி பஜார் சந்து ஒன்றில் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்தான்.

"பூனைக்காலி, நெருஞ்சி, அமுக்கரா. சுத்த மூலிகை நைனா, ஒரு கெடுதியும் கெடையாது" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெஞ்சு வலி மாத்திரை எதுனா போட்டுக்கினு கீறியா? போட்டா இது வோணாம்" என்றார்.

"எனக்கு இன்னா வயசாவுது, நெஞ்சு வலி வர்றதுக்கு?" என்று சிரித்தான் கோதண்டபாணி. வீட்டுக்கு வரும் வழியிலேயே, வாங்கிய லேகிய டப்பாவில் குதிரைப் படம் போட்ட லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டான்.

"இன்னாய்யா இது?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"முட்டி வலிக்கு."

பொய் அதோடு நின்றிருந்தால் தேவலை. பாஞ்சாலி மனசு கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் வேப்பெண்ணெயைச் சுடவைத்து அவன் முட்டியில் தேய்க்க ஆரம்பித்தாள். "இங்கியா வலிக்குது?" என்பாள். "ஆங், அங்கதான்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவான். லேகியமோ சாப்பிட்ட அன்றைக்கே வேலை செய்தது. மூலிகைக்கு இவ்வளவு வேகமா என்று ஒரு சந்தேகம் தட்டியது. காரியம் நடந்தால் சரி என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஏகாம்பரம் மீன் குழம்பு சாப்பிட மகன் பிரபுவோடு வந்தார். இதய நோய்க்காரர், நெஞ்சை அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும். மாடிப்படி ஏறியதில் முட்டி வலிக்கிறது என்று அனத்தினார். கோதண்டபாணி மீன் வாங்கப் போயிருந்தான். பாஞ்சாலி டப்பாவைத் திறந்து அப்பாவுக்கு ஒரு ஸ்பூன் ஊட்டிவிட்டாள்.

சாப்பிட்டு எழுந்தவருக்கு நெஞ்சு அடைத்தது. வழக்கம்போல மாத்திரையை வைத்துக்கொண்டார். வைத்த கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றியதும் பிரஷர் கொஞ்சம் தேறிக் கண்ணைத் திறந்தார். ஆனால் மறுபடியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டார் டாக்டர் மாளவிகா.

"முட்டி வலி லேகியம் மட்டும் குடுத்தேம்மா" என்றாள் பாஞ்சாலி.

"அதுல இப்படி ஆகாதே." டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "வலி திரும்ப வருது. நாக்குக்கு அடியில அந்த மாத்திரையையே இன்னொண்ணு வைங்க."

கோதண்டபாணி கட்டில் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் கேட்ட கேள்வி இப்போதுதான் மண்டையில் உறைத்தது. சொன்னால் மானம் கப்பலேறிவிடும். பக்கத்தில் மச்சான் நிற்கிறான், எதிரில் சின்ன வயசுப் பெண் டாக்டர். சொல்லாவிட்டால் மாமா போய்விடுவார். நர்ஸ் மாத்திரையைப் பிரித்தாள்.

"வெக்காதீங்க மேடம்!" அவன் குரல் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது. "அது முட்டி வலிக்கு இல்ல. ஆம்பளைங்க... அதுக்கு சாப்புடுறது. எனக்கு வாங்கினது."

டாக்டர் சிரிக்கவில்லை. நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூலிகைன்னு சொல்லி இங்கிலீஷ் மாத்திரையை அரைச்சுக் கலந்துடுறாங்க. அதோட நெஞ்சு மாத்திரை சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா இறங்கிடும். இன்னொண்ணு வெச்சிருந்தா இவரைக் காப்பாத்தியிருக்க முடியாது."

வேறு மருந்து கொடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பிரஷர் மெல்ல ஏறியது. கேலி செய்வான் என்று கோதண்டபாணி பயந்த பிரபு, டீ வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தான். அது அவனுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

பாஞ்சாலி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். கத்தினால் தேவலை, நாலு அறை விட்டாலும் தேவலை என்றிருந்தது.

"அப்போ உனக்கு முட்டி வலி?"

"இல்ல."

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவற்றைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள்.

"என் புருசனுக்கு கேக்குதே, நைனாக்கும் கேக்கும்னு இந்தக் கையாலதான்யா ஊட்டினேன்" என்றாள்.