செருப்பு விடும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை, கள்ளக்குறிச்சியில் பெரிய சர்ச்சின் கேட்டில் நின்று ஒரு அம்மாளின் கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பைபிள், கண்ணாடிக்கூடு, கைக்குட்டை. பார்த்து மூடிய பையை மறுபடி திறந்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார். உடம்புக்கு என்ன கேடு? பத்து மணிக்கு என் மனைவி அருள்மொழி கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் கதவே இல்லாத ஒரு தகரக் கொட்டாயில் ஜெபத்துக்கு உட்காருவாள். என் நினைப்பெல்லாம் அங்கேதான் இருந்தது.

கரும்பு வெட்டி இடுப்பு போன பிறகு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தவன் நான். சாமி விஷயத்தில் எனக்கு எங்கள் மாரியம்மன் போதும். அருள்மொழிதான் ஆறு வருடமாக ஜெபத்துக்குப் போகிறாள். இந்தப் பெரிய சர்ச்சில் இரண்டு பைக் திருடு போயிற்று, பிறகு யாரோ போனில் மிரட்டினான். கமிட்டி கூடிக் கேமரா வைத்தார்கள், கேட்டில் என்னை வைத்தார்கள். தெரியாத முகமாக இருந்தால் நிறுத்தி விசாரிக்க வேண்டும். என்னைப் பெரிய சூரன் என்று நம்புகிறார்கள், பாவம். தெருநாய் குரைத்தாலே சுவரோரம் ஒதுங்குகிற ஆள் நான்.

போன ஞாயிறு அந்தக் கொட்டாய்க்கு இரண்டு பைக்கில் நாலு பேர் வந்தார்கள். மதம் மாற்றுகிறீர்களா என்று கத்திக்கொண்டே செல்போனில் வீடியோ எடுத்தார்கள். வெளியே கிடந்த செருப்புகளையெல்லாம் அள்ளி வாய்க்காலில் போட்டார்கள். அடுத்த வாரம் போலீஸோடு வருவோம், அப்போது கொட்டாயே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அருள்மொழி வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தாள். அவள் பாதத்தை மடியில் வைத்து ஊக்கால் முள் எடுத்தேன்.

"இனிமே போவாதமே. இல்லன்னா எங்க சர்ச்சு மாதிரி வாசல்ல ஒரு ஆள நிறுத்தச் சொல்லு" என்றேன்.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "நிறுத்தினா அவன் இன்னா கேப்பான்? யாரு, எந்த ஊரு, எந்தத் தெருன்னுதான? எல்லா வாசல்லயும் அதக் கேட்டாங்கன்னுதான் நாங்க அந்தக் கொட்டாய்க்கே போனோம்."

வாராவாரம் கேட்டில் நான் கேட்பதும் அதைத்தான்.

இன்று முதல் ஆராதனை முடிந்ததும் கூட நிற்கும் நாராயணசாமியிடம் வயிறு சரியில்லை என்று புளுகிவிட்டு வண்டியை எடுத்தேன். காக்கி உடுப்பை மாற்ற நேரமில்லை. தொப்பி, விசில், பூட்ஸ், லத்தி எல்லாம் இருக்கட்டும், பார்த்தால் அந்தப் பயல்கள் யோசிப்பார்கள் என்றும் ஒரு கணக்கு. கோமுகி அணைக்குத் திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன். நாலு பேரை நான் என்ன செய்ய முடியும்?

மரவள்ளிக் காட்டைத் தாண்டும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. அப்பாடா, ஒன்றும் ஆகவில்லை. கொட்டாய் முன்னால் வண்டியை நிறுத்தினேன். பாட்டு பாதியில் அறுந்தது. யாரோ வீறிட்டார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் பின்பக்கமாக மரவள்ளிக்குள் ஓடினார்கள். யார் வந்துவிட்டார்களோ என்று நானும் பதறித் திரும்பிப் பார்த்தேன். சாலையில் ஒருவரும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. போதகர் தமிழழகன் ஒரு பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு வந்தார். "பட்டா இடம்தான் சார். ரசீது இருக்குது சார்." என்னை ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

அருள்மொழி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"கழட்டு" என்றாள்.

தொப்பியை, விசிலை, சட்டையைக் கழற்றி வண்டிமேல் வைத்தேன். பூட்ஸையும் கழற்றி, செருப்பு வரிசையின் கடைசியில் விட்டேன். இத்தனை நடந்த பிறகும் செருப்பை வெளியேதான் விட்டிருந்தார்கள். அருள்மொழி காட்டைப் பார்த்து, "எங்க வூட்டுக்காரருதான், வாங்க" என்று குரல் கொடுத்தாள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கிழிந்த பனியனோடு நான் தலைகுனிந்து நின்றேன்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். வாசலிலேயே இருக்கிறேன் என்றேன்.

"இருந்தா, வர்றவங்கள ஒண்ணும் கேக்காத. வாங்கன்னு மட்டும் சொல்லு."

"அவனுங்க வந்தாலுமா?"

"யாரு வந்தாலும்."

செருப்பு வரிசைக்குப் பக்கத்தில், சாலையைப் பார்த்தபடி குந்தினேன். உள்ளே பாட்டு மறுபடி மெல்ல எழுந்தது. அதற்கு மேலே பைக் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. வாய்க்கால் மதகைத் தாண்டி வந்து, என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றன. நாலு பேர் இறங்கினார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். லத்தி என் வண்டியில்தான் செருகியிருந்தது, நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். எழுந்தேன். வண்டிப் பக்கம் போகாமல் செருப்பு வரிசை ஓரத்திலேயே நின்றேன். முன்னால் வந்தவன் குனிந்து, வரிசையின் கடைசியில் இருந்த என் பூட்ஸைப் பார்த்தான்.

"வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை வாயைத் திறந்தேன்.