நாலு மூடி

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் கூட்டித் துடைக்கிறவளுக்குப் பட்டப்பெயர் புயல். வாளியைத் தூக்கினாள் என்றால் மூன்று அறையும் அரை மணியில் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் காப்பகம் நடத்தும் மேடத்துக்குக் கண்ணைவிட மூக்கின்மேல்தான் நம்பிக்கை. காலையில் வாசலில் நின்று மூச்சை ஒரு இழு இழுப்பார். பினாயில் நெடி ஏறினால்தான் தரை சுத்தம். ஒரு மூடி போதும் என்று பாட்டிலில் போட்டிருந்தும் புயல் நாலு மூடி ஊற்றிப் பழகியது அதனால்தான்.

தவழும் பிள்ளைகளில் ஒருவன் உருண்டை. பத்து மாதம். ஒரு வாரமாக அவன் முழங்காலும் உள்ளங்கையும் சிவந்து தடித்திருந்தன.

"தரையில என்னத்த ஊத்துறாங்கன்னு டாக்டர் கேக்குறாருக்கா," என்றாள் அவன் அம்மா.

புயல் வாளியைக் கீழே வைத்தாள். ஊற்றியது அவள் கைதானே!

அன்றே பாட்டிலை மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் வெந்நீரில் வாசனையில்லாத சோப்பைக் கொஞ்சமாகக் கரைத்துத் துடைத்தாள். பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. இடுப்பு ஒடிந்தது. ஒடியட்டும் என்று துடைத்தாள்.

மேடம் வந்து மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

"இன்னிக்குத் தொடைக்கலையா?"

"ரெண்டு தடவ தொடைச்சேன் மேடம்."

"யார்கிட்ட கதை விடுற? பழையபடி ஊத்து. இல்லேன்னா நாளைக்கு வேற ஆள் வரும்."

இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரிந்தும் புயல் பின்வாங்கவில்லை.

"ஊத்துறேன் மேடம், பாதி ரூமுக்கு மட்டும். அப்புறம் நீங்க ஒரு தடவ தவழ்ந்து பாருங்க."

"என்னது?"

"நாம நின்னுக்கிட்டு மோந்து பாக்குறோம். அதுங்க மூக்கு தரைகிட்டல்ல இருக்கு!"

மேடம் முறைத்தார். ஆனால் உருண்டையைக் கொண்டுவந்த அவன் அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல மேடத்துக்கு வாய் வரவில்லை.

புயல் ஒரு பாதியை நாலு மூடியில் துடைத்தாள். காய்ந்ததும் மேடம் மண்டியிட்டார். நாலடி தவழ்வதற்குள் கண் கரித்தது, மூக்கில் நீர் கொட்டியது, இருமல் பிடித்துக்கொண்டது. சோப்புப் போட்ட பாதிக்குத் தட்டுத்தடுமாறிப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இத்தனை நாள் சொல்லக் கூடாதா?"

"நானும் தவழ்ந்து பாக்கலையே மேடம்," என்றாள் புயல்.

உருண்டையை இறக்கிவிடப் போனாள் அவன் அம்மா. புயல் கை காட்டி நிறுத்தினாள். "இருங்க. இந்தப் பாதியக் கழுவிட்டு."

மறுநாள் காலை மேடம் வாசலில் நின்று மூச்சை இழுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மண்டியிட்டார்.