சமையலறை எந்த ஸ்டேஷன் லிமிட்?

நானும் என் வீட்டுக்காரரும் போலீஸ். நான் கிழக்கு ஸ்டேஷன் ஏட்டு, அவர் மேற்கு ஸ்டேஷன் ஏட்டு. இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு எங்கள் வீட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே ஓடுகிறது. கல்யாணமான வாரமே ஸ்டேஷன் வரைபடத்தில் இதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சைக்கிள் தொலைந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் சொல்லும் அதே பதிலைப் பதினோரு வருடமாக என்னிடமும் சொல்லிவந்தார்.

“சமையலறை உன் லிமிட்டு. நான் உள்ள வந்து கை வைக்க முடியாது.”

நேற்று புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. கண்ணெதிரே குற்றம் நடந்தால் எந்த ஸ்டேஷன் போலீசும் எல்லை தாண்டி நடவடிக்கை எடுக்கலாம். ஹாலில் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தவரின் மூக்குக்கு நேரே சர்க்குலரை நீட்டி, தொட்டியில் மலையாகக் குவிந்திருந்த பாத்திரங்களைக் காட்டினேன்.

“இது குற்றமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

முழுசாகப் படித்தார். எழுந்து என்னோடு சமையலறைக்குள் வந்து, ஒரே ஒரு டம்ளரைக் கழுவி என் கையில் கொடுத்தார்.

“மூணாவது பாராவைப் பாரு. எல்லை தாண்டிப் பிடிச்சதை லோக்கல் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடணும். மிச்ச வேலை அவங்களோடது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று ஹாலுக்குள் போனேன். மேட்ச் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. டிவியை அணைத்து, ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“ஏய், ஹால் என் லிமிட்டு! அதை லோக்கல் ஸ்டேஷன்ல ஒப்படை!”

“ஒப்படைக்கத்தானே போறேன்? லோக்கல் ஸ்டேஷன் பாத்திரம் தேய்ச்சுட்டு வரட்டும்.”