வெலிகா நீட்டிய தம்ளர்

1

இந்தக் கதை ஒரு குறிப்பேட்டிலிருந்து வந்தது. கதை எழுதும் குறிப்பேடு அல்ல, தண்ணீர்க் குறிப்பேடு. எங்கள் ஊரில் ஆறு குழாயடிகள். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஊர்க்காரர்கள் நாங்கள் சிலர் ஆறிலும் தண்ணீர் பிடித்துச் சோதித்து, தேதி, நேரம், மழை, முடிவு என்று நான்கு கட்டங்களில் குறிப்போம். மே மாதப் பக்கத்தின் ஐந்தாவது வரியில், கட்டத்துக்கு வெளியே, பென்சிலால் "எப்படிச் சொல்வது?" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். நகரத்தில் வியாழக்கிழமை மாலைகளில் நான் போகும் எழுத்து வகுப்பில் அதைக் காட்டினேன். "உன்னை வேறொருத்தியாக்கி எழுதிப் பார், தைரியம் வரும்" என்றார்கள். ஆகவே இனிமேல் நான் நெவெனா.

தைரியம் இன்னும் வரவில்லை.

2

தொடக்கம் ஒன்று: மலைச்சரிவில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தபோது, நெவெனா தன் பாட்டில்களோடு

(பனியே இல்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. அழகுக்காக ஒரு பொய். விடுகிறேன்.)

தொடக்கம் இரண்டு: ராதோய் இறந்து நான்கு வருடமாகியும் தினம் முப்பது பேருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்.

இது இருக்கட்டும். ராதோய் பால்வண்டி ஓட்டியவர். ஒருநாள் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இருக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். இறந்தவர் பேரில் வழியோரம் குழாயடி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் மனைவி வெலிகா, மேட்டிலிருந்த ஊற்றைத் தொட்டி கட்டி மூடி, குழாய் இறக்கி, பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் கல்லால் ஒரு சுவர் எழுப்பினாள். "குடிப்பவரே, ராதோயை நினையுங்கள்" என்று அதில் வெட்டியிருக்கிறது. குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள்கூட அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள்.

ஐந்தாவது வரி ராதோய் குழாயடி.

3

மாதிரித் தண்ணீரில் சோதனைப் பொடியைப் போட்டு ஒருநாள் முழுக்க வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் நல்லது. மஞ்சளானால் அதில் கிருமி இருக்கிறது. வெதுவெதுப்புக்கு நாங்கள் நம்பியிருப்பது ரொட்டி வண்டிக்காரர் மெதோதியின் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியை.

"என்னம்மா, குஞ்சு வந்துடுச்சா?" என்றார் மெதோதி.

"ஒண்ணு மஞ்சளாயிடுச்சு அண்ணே. ராதோய் குழாயடி."

அவர் சிரிப்பு நின்றது. "பாட்டிலக் கழுவித் தொலைச்சியா மறுபடி?"

மார்ச் மாதம் நெவெனா, கிருமி நீக்கி மூடி வைத்திருந்த ஆறு பாட்டில்களையும் சுத்தமாக இருக்கட்டுமே என்று வீட்டுத் தண்ணீரில் அலசிவிட்டாள். ஆறும் வீண். அதனால் இந்தமுறையும் அவள் முதலில் சந்தேகப்பட்டது தன் கையைத்தான். மறுநாள், கிருமி சாகக் குழாய் வாயில் நெருப்பைக் காட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தாள். மஞ்சள். அதற்கும் மறுநாள் பிடித்தாள். மஞ்சள்.

பிறகு மேடேறி ஊற்றுத்தொட்டியைப் பார்க்கப் போனாள். தொட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு ரோஜாச் செடிகள்.* ராதோய்க்காக வெலிகா நட்டவை. ஒவ்வொன்றின் அடியிலும் கருப்பாக, தாராளமாக, புதிதாகப் போட்ட ஆட்டு எரு. மழைநீர் அதன் வழியாக இறங்கித் தொட்டியின் விரிசலுக்குள் போன தடம் நன்றாகவே தெரிந்தது.

(* ஊரே புகழும் ரோஜா. நெவெனாவும் இரண்டு வருடம் முன்பு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறாள். எரு கண்ணில் பட்டிருக்கும். மனதில் படவில்லை.)

"'குடிக்காதீங்க'ன்னு பலகைய மாட்டிட்டு வந்துரலாம். வெலிகாவே படிச்சுக்கட்டும்" என்றார் மெதோதி.

"புருஷன் பேர்ல இருக்கற தண்ணிய குடிக்காதேன்னு பலகைய பாத்துதானா தெரிஞ்சுக்கணும்? நான் போய்ச் சொல்றேன்."

"நீயா? நீ முட்டை எடுக்கறப்போ கோழிகிட்டயே மன்னிப்பு கேக்கறவளாச்சே!"

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை நீத்தார் நினைவு நாள். கோயிலிலிருந்து ஊரே நடந்துவந்து ராதோய் பேரைச் சொல்லிக் குடிக்கும் நாள். அதை வெலிகா வருடம் முழுக்க எதிர்பார்த்திருப்பாள்.

4

இந்தப் பகுதியை ஏழுமுறை எழுதியிருக்கிறேன்.

நெவெனா உட்கார்வதற்குள் வெலிகா தட்டோடு வந்துவிட்டாள். எந்த வீட்டிலும் விருந்தாளிக்குத் தருவதுதான்: ஒரு கரண்டி ரோஜா இனிப்பு, அதற்குமேல் குடிக்க ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர்.

"இப்பத்தான் நம்ம குழாயடில பிடிச்சேன். குடி கண்ணு. என்ன, மொகம் வெளுத்திருக்கு? மாப்பிள்ளை கிடைச்சுட்டானா, இல்ல தப்பிச்சு ஓடிட்டானா?"

தம்ளரின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. உள்ளே தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக

5

இங்கே நிறுத்துகிறேன். முடிவுகள் மூன்று.

(அ) நெவெனா கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுகிறாள். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்தார். ஆனால் அவளே குடித்துவிட்டால், நாளை பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பாள்?

(ஆ) நெவெனா குறிப்பேட்டைத் திறந்து தேதி, நேரம், மழை, முடிவு என்று வாசிக்கிறாள். எல்லாம் சரி. படித்தால் எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.

(இ) நடந்தது.

நெவெனா தம்ளரைத் தட்டில் திரும்ப வைத்தாள். "அத்தே, ராதோய் மாமா தண்ணி கெட்டுப்போயிருக்கு. மூணு தடவ பாத்துட்டேன். என் கை தப்பில்ல."

"எவன் வேல? மேல ஆடு மேய்க்க வர்றானே, அந்தத் தடியனா?"

"ரோஜா, அத்தே. அடியில போட்ட எரு. மழையில தொட்டிக்குள்ள எறங்குது."

வெலிகா வெகுநேரம் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

"அப்போ நாலு வருஷமா நானேதானா ஊருக்கு..."

"மழை பேஞ்சா மட்டும் அத்தே. போன வருஷம் நாங்க தண்ணி பிடிச்ச சனிக்கிழமையெல்லாம் மழையில்லாத நாளாப் போச்சு, மழைக்கப்புறம் பிடிச்சுப் பாக்கல. எங்க தப்பும்தான்."

வெலிகா எழுந்தாள். தம்ளரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் இறங்கி, இறந்தவர்களுக்கு ஊற்றுவதுபோல மெதுவாக மண்ணில் ஊற்றினாள்.

"இது ராதோய்க்கு. அவருக்கு இனிமே வயித்துவலி வராது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. நெவெனா என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இனிப்பைச் சாப்பிட்டு முடித்தாள்.

"பலகைய குடு, நானே மாட்டறேன்" என்றாள் வெலிகா. "அப்புறம் மெதோதிய வண்டியோட வரச்சொல்லு. சும்மா வாயடிச்சுட்டு நிக்காம மண்வெட்டியும் எடுத்துட்டு வரச்சொல்லு."

6

பன்னிரண்டு செடிகளையும் வேரோடு தோண்டினார்கள். வீட்டுக்கு ஒன்றாக, பன்னிரண்டு வீடுகள் வாங்கிக்கொண்டன. எருவை வாரி எடுத்தார்கள், விரிசலைப் பூசினார்கள், தொட்டியை மருந்து போட்டுக் கழுவினார்கள், மழைநீர் விலகிப்போக மேட்டில் வாய்க்கால் வெட்டினார்கள். மெதோதியின் ரொட்டி வண்டியில் இன்னும் ஆட்டு வாடை இருப்பதாகச் சொல்கிறார்கள். யாரும் ரொட்டி வாங்குவதை நிறுத்தவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு நெவெனா தண்ணீர் பிடித்தாள். வெலிகா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"மஞ்சளா வந்தா?"

"பலகை அங்கயே இருக்கும் அத்தே."

"வராட்டி?"

"நானே கழட்டறேன்."

"அப்போ மொத வாய் நீதான். அன்னைக்கு நீ குடிக்காதது பாக்கி இருக்கு."

பாட்டில் இப்போது பெட்டிக்குள், பதினான்கு முட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. நாளை பத்து மணிக்கு எடுப்போம். பதினொரு மணிக்குக் கோயிலிலிருந்து ஊர் நடந்து வரும். மழை என்ற கட்டத்தில் "நேற்று, பலமாக" என்று எழுதியாயிற்று. முடிவு என்ற கட்டம் காலியாக இருக்கிறது. பார்க்காததை அதில் எழுத எனக்குக் கை வராது, கதைக்காகக்கூட.

உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் குறிப்பேட்டைத் தருகிறேன், விரும்பியதை நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் பென்சிலால் எழுதுங்கள்.